கேமரூன் கோலும் வீரன் கோலும்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கால்பந்து நடுவர்களிடமும் கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒரு கதை சொல்ல வேண்டி வந்தது என் தலையெழுத்து. நான் தர்மலிங்கம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால், சிலாங்கூர் ஆற்றை ஒட்டியிருந்த கம்பிப்பாலத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் கிராணியாக ஆபீஸ் கணக்கு வேலை பார்த்தவன். ஆபீஸ் சாவி, கிளப் சாவி, கிளப்பிலிருந்த டீவிப் பெட்டியின் சாவி மூன்றும் என் இடுப்பில்தான் தொங்கும். அதனால் தோட்டத்தில் மரியாதையும் உண்டு, முதுகுக்குப் பின்னால் வசவும் உண்டு.

இராமையா எங்கள் எண்ணெய் ஆலையில் பாய்லருக்குத் தீ போடுகிறவர். ஒல்லியான, நெடிய உருவம். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். எங்கள் தோட்டத்தில் அதுவே ஓர் அதிசயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு விசிலோடு திடலில் இறங்கினால் அவர்தான் ரெஃபரி. ஆடி மாதக் கடைசி ஞாயிறு முனியாண்டி கோயிலில் உறுமி முழங்கினால், அவர் மேல்தான் சாமி இறங்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டக்காரர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் தோட்டமே கட்டுப்பட வேண்டும்.

ஆட்டவிதிகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாவம் என்னுடையது. ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்லச் சொல்ல, நாற்பது வயது மனிதர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கடைசித் தடுப்பாட்டக்காரனுக்குச் சமமாக நின்றாலும் ஆஃப்சைட் என்பதுதான் அப்போதைய சட்டம். அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு அடிக்கோடு போட்டார். நியாயம் என்றால் அவருக்கு ஒரு பைத்தியம். சொந்த மச்சானையே திடலைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு அந்த வீட்டுக்கே சாப்பிடப் போவார், சோறு கிடைக்காமல் திரும்பி வருவார்.

எழுபத்தெட்டில் ஒரு ஆட்டம் முடிந்ததும், ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்துக்காரர்கள் அவர் மேல் மனு எழுதிப் போட்டார்கள். இராமையா தன் தோட்டத்துக்குச் சாதகமாக ஊதுகிறார் என்று. விசாரித்து ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த மனுஷன் இரண்டு நாள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவருடைய ஊதலில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். சந்தேகம் என்று வந்தால் எங்களுக்கு எதிராகவே ஊதினார். வெளியார் குறை சொல்லக் கூடாது என்கிற பயம் அவரை அப்படி ஆக்கிவிட்டது. கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

எழுபத்தொன்பது ஆகஸ்டில் கோப்பைக்கான கடைசி ஆட்டம், எங்கள் திடலில், அதே அக்கரைத் தோட்டத்தோடு. எங்கள் முன்வரிசையில் வீரன் என்று ஒருவன். இருபத்திரண்டு வயது. ரப்பர்ப் பால்மரம் சீவப் போகும்போதும் ஓடித்தான் போவான். ஆறாம் லயத்து வீட்டு வரிசையில் இராமையா வீட்டுக்கு அடுத்த வீடு. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மா சின்னம்மா கிளப்பைக் கூட்டித் துடைக்கிறவள். புருஷன் இல்லை. அவளுக்கு அவன் ஒருவன்தான்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மேற்குப் பக்க கோலில் வீரன் பந்தைத் தள்ளினான். வலை குலுங்கியது. எங்கள் ஆட்கள் குடைகளை எறிந்துவிட்டுத் திடலுக்குள் ஓடினார்கள். விசில் ஊதிய இராமையாவின் வலது கை நேராக மேலே உயர்ந்திருந்தது. ஆஃப்சைட். லைன்ஸ்மேன்கள் தோட்டத்துக்கு ஒருவராக நின்றதால் அவர்கள் கொடியை எவனும் நம்புவதில்லை. ரெஃபரி சொன்னதுதான் தீர்ப்பு. அடுத்த நிமிடமே அக்கரைத் தோட்டம் ஒரு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

வீரன் இராமையாவின் எதிரில் வந்து நின்று ஏதோ கேட்டான். அவர் தலையை ஆட்டினார். அவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. திரும்பி ஆற்றுக்குப் போனான். ஆட்டம் முடிந்து எல்லாரும் ஆற்றில் குளிப்பது வழக்கம்தான். மற்றவர்கள் குளித்துவிட்டு ஏறி வந்தார்கள், அவன் மட்டும் பிறகு வருகிறேன் என்றானாம். மறுநாள் ஆற்றோரப் பம்ப் ஹவுஸுக்குக் கீழே பிணமாகக் கிடைத்தான். போலீஸ் விபத்து என்று எழுதிற்று. அது விபத்துதான் என்று நானும் நம்புகிறேன். தோட்டத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். மனக்குறையோடு போனவன், வழி கிடைக்காமல் இங்கேயேதான் நிற்பான் என்றார்கள். அந்த மேற்குப் பக்க கோலுக்கு அருகே மாடு மேய்க்கக்கூட யாரும் போவதில்லை. திடலில் ஆட்டம் நின்றது, புல் இடுப்பளவு வளர்ந்தது.

சின்னம்மா அழுது நான் பார்க்கவில்லை. இராமையாவிடம் மட்டும் ஒன்றிரண்டு தரம் போய்க் கேட்டாள், அவர் சட்டத்தைச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு மூன்று வருடமும் கிளப்பைக் கூட்டினாள், துடைத்தாள், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

எண்பத்திரண்டில் உலகக் கோப்பை வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்த வருடம் கேமரூன் பைத்தியம். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்து இரண்டே இடம் கொடுத்திருந்தார்கள், ஒன்றில் அல்ஜீரியா, இன்னொன்றில் கேமரூன். கறுத்த தேகமும் கட்டுமஸ்தான தோளுமாக அவர்கள் இறங்கிவருவதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததுமே, நம்ம ஆளுங்க என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேமரூன் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. மூன்றும் சமம். இத்தாலிக்கும் மூன்றும் சமம். ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்த கணக்கில் இத்தாலி மேலே போய்க் கோப்பையையே வாங்கிவிட்டது, கேமரூன் வீட்டுக்குப் போனது. பெருவோடு ஆடிய முதல் ஆட்டத்தில் கேமரூன் ஒரு கோல் அடித்தும் ஆஃப்சைட் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்த ஒரு கோலைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. இதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தோட்டத்தில் வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

இதற்கெல்லாம் தலைவன் தேவதாஸ், லோரி ஓட்டுகிறவன். வாய் திறந்தால் மூடத் தெரியாது. ரவாங்கில் யாரோ பதிவு செய்த அந்தப் பெரு ஆட்டத்தின் வீடியோ கேசட்டை எப்படியோ பிடித்துவந்தான். ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு பிற்பகல், கிளப்பில் அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் காய்ந்தது. சன்னலைச் சாத்தினால்தான் படம் தெரியும் என்பதால் உள்ளே அரை இருட்டு. இராமையாவையும் தேவதாஸ்தான் இழுத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தான். வல்லுநர் சாட்சியாம்.

அந்த இடம் வந்தது. பந்து போனது, கோல் விழுந்தது, விழவில்லை என்றார்கள். உடனே கூச்சல். தேவதாஸ் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். அவன் வாதம் சுலபமானது. வெள்ளைக்காரன் அடித்தால் கோல், கறுப்பன் அடித்தால் ஆஃப்சைட். அல்ஜீரியா ஜெர்மனியையே வென்றும், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பேசி வைத்தாற்போல ஒரு ஆட்டம் ஆடி அதை வெளியே தள்ளியது எப்படி என்று கேட்டான். ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டு, ஒரு பந்தியை மட்டும் வாசலில் உட்கார வைக்கிற கதைதான் இது என்றான். அதற்குக் கைதட்டல். நான் சும்மா இருந்திருக்கலாம். சமமாக நின்றாலும் ஆஃப்சைட், சட்டத்துக்கு நிறம் கிடையாது என்றேன். சட்டத்துக்குக் கிடையாது, ஊதுகிறவனுக்கு உண்டு என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். அது நியாயமான பேச்சு என்று எனக்கே பட்டது, அதனால் கோபமும் வந்தது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ படம் ஓடும்போதுதான் பார்த்தேன். கேமரூன்காரன் பந்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் இராமையாவின் வலது கை நேராக மேலே உயர்ந்தது. உயர்ந்தது அவருக்கே தெரியவில்லை. கண் திரையில்தான் இருந்தது. பிறகு கை தானாக இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த தடவையும் அதே இடத்தில் கை உயர்ந்தது. மறுபடி சிரித்தார்கள். தேவதாஸுக்கு விளையாட்டுப் புத்தி. அடுத்த தடவை அந்த இடம் வருவதற்கு நன்றாக முன்னாலேயே படத்தை நிறுத்திவிட்டான். திரையில் ஆட்டக்காரர்கள் உறைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் எல்லாரும் இராமையாவைப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. அந்தக் கை உயர்ந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தேவதாஸ்தான் பேசினான். அவன் குரலில் முறுக்கு போய்விட்டிருந்தது. இது கோலா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் ரெஃபரி என்றான். இராமையா கையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமரா தள்ளியிருக்கிறது, இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது என்றார்.

"எட்டு தடவ போட்டுக் காட்டியும் சொல்ல முடியலன்னா, வீரன் அடிச்சது மட்டும் ஒரே தடவையில எப்படிங்க தெரிஞ்சிச்சு?"

கேட்ட பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கதவருகே துடைப்பத்தோடு சின்னம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இராமையா அவளைப் பார்த்தார், எழுந்தார், அவளைக் கடந்து வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாளே செய்தி வந்தது. ஆடிக் கடைசி ஞாயிறு சின்னம்மா சாமியிடம் வாக்குக் கேட்கப் போகிறாளாம். என் மகன் அடித்தது கோலா இல்லையா என்று கேட்பாளாம். கோல் என்று சாமி சொல்லிவிட்டால் பிள்ளையின் மனக்குறை தீர்ந்து அவன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவான், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும் என்று ஆறாம் லயத்துப் பெண்கள் சொன்னார்கள். மனிதரிடம் கேட்டுச் சரியான பதில் வராததை அதே மனிதர் மேல் இறங்கும் சாமியிடம் கேட்பது. உலகத்தில் வேறு எந்த ரெஃபரிக்கும் இப்படி ஒரு அப்பீல் வந்திருக்காது.

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு, உச்சிவேளையில், ஆபீஸ் சன்னல் வழியாகத் திடலைப் பார்த்தேன். ஆள் நடமாட்டமில்லை, நிழல் எல்லாம் காலடிக்குள் சுருங்கியிருந்தது. மேற்குப் பக்க கோலுக்கு முன்னால், இடுப்பளவு புல்லுக்குள் இராமையா நின்றுகொண்டிருந்தார். சற்றுக் குனிந்திருந்தார், எதிரே தன்னைவிடக் குள்ளமான ஒருவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவரைப் போல. தலையை ஆட்டினார். கைகளை விரித்தார். மறுபடி குனிந்து கேட்டார். எதிரே புல்தான் இருந்தது. புல் அங்கே மட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது என்று இப்போது சொன்னால் பிறகு வந்த யோசனை என்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்தார். யாரோடு பேச்சு என்று கேட்டேன்.

"தெரிஞ்ச பயதான்யா. கேட்டுக்கிட்டே இருக்கான். கோபமெல்லாம் இல்ல. மரியாதையாத்தான் கேக்குறான்."

என்ன கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவரைக் குடைக்குள் இழுத்தேன். அந்தக் குடைக்குள் நின்றுதான் அவர் மூன்று வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அன்றைக்கு அவர் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. மேற்கே இறங்கிய வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. வீரன் எங்கே நின்றான், தடுப்பாட்டக்காரன் எங்கே நின்றான், ஒன்றும் தெரியவில்லை. வலை குலுங்கியது மட்டும் தெரிந்தது. அக்கரைத் தோட்டத்துக்காரர்கள் கத்தினார்கள். கோல் கொடுத்தால் சொந்த லயத்துப் பையனுக்குக் கொடுத்தான் என்று மறுபடி மனு போடுவார்கள் என்று நினைத்தார். விசில் வாய்க்குப் போய்விட்டது.

"எம்பேரு கெட்டுடக் கூடாதுன்னு ஊதினேன்யா. நியாயத்துக்கு ஊதல."

எனக்கு அவர் மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சின்னம்மா நேரில் கேட்டபோதெல்லாம் சட்டம் பேசிய வாய்தானே இது. ஆனால் அந்தச் சமயத்தில் எனக்குப் பிரச்சினையை முடித்துவிட்டு நிழலுக்குப் போனால் போதும் என்றிருந்தது. படித்தவன் புத்தி, என் ஊர்ப் பேச்சில் சொன்னேன்.

"கோல் எண்டு சொல்லிவிடும். ஒரு சொல்தானே. அந்த மனுசி நிம்மதியாப் படுக்கும், உமக்கும் பாரம் இறங்கும்."

சாமி பொய் சொல்லக் கூடாதுங்களே ஐயா என்றார். சாமி சொல்லுதோ நீர் சொல்லுறீரோ, ஆருக்குத் தெரியப் போகுது என்றேன். அவர் குடையைவிட்டு இறங்கி ஆலைப் பக்கம் நடந்தார். நான் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை, வீட்டில் மனைவி வாகீஸ்வரியிடம்கூட.

முனியாண்டி கோயில் திடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தது. ஆடு, சுருட்டு, சாராயம் எல்லாம் வைக்கிற அந்தக் கோயிலுக்கு என் வீட்டு வழக்கத்தில் நாங்கள் போவதில்லை. அன்று போனேன். யோசனை சொன்னவன் விளைவைப் பார்க்க வேண்டாமா? உச்சிவேளைக்கு உறுமி தொடங்கியது. வழக்கமாக மூன்றாவது சுற்று அடிப்பதற்குள் இராமையா துள்ளிவிடுவார் என்று சொன்னார்கள். அன்று அரைமணி நேரம் ஆகியும் சாமி வரவில்லை. மேளக்காரர்கள் அடியை மாற்றினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், வியர்வை கொட்டியது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று ஒரு துளியும் இல்லை.

பிறகு அவர் சாமி அரிவாளைக் கையில் எடுத்து உடம்பைக் குலுக்கினார். கூட்டம் 'ஓ' என்றது. நான் நான்கடி தூரத்தில் நின்றேன். அவர் கண்ணைப் பார்த்தேன். லீவு கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்கும் இராமையாவின் கண்தான் அது. சாமி வரவில்லை. மனுஷன் நடிக்கிறார்.

சின்னம்மா முன்னால் வந்தாள். தலை குளித்து, முடியை அள்ளிச் செருகியிருந்தாள். கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டாள்.

"சாமி, எம்மவன் அடிச்சது கோலா, இல்லியா? எனக்கு வேற ஒன்னும் வேணாம். அத மட்டும் சொல்லு."

இராமையா என்னைப் பார்த்தார். நான் சொல்லும் என்று தலையை அசைத்தேன்.

"கோலுதான் தாயி. உம்மவன் அடிச்சது கோலு."

சின்னம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கும்பிட்ட கைகள் பிரிந்தன. இடது கை தொங்கியது. வலது கை மெதுவாக, நேராக மேலே உயர்ந்து நின்றது. உறுமிக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். அவளுக்கு மூச்சு வாங்கியது, வெகுதூரம் ஓடி வந்து நிற்கிற பையனுக்கு வாங்குவது போல. குரல் அவள் குரல்தான், வேறு குரல் எதுவும் வரவில்லை. பேசிய விதம் வேறு. முகத்தில் கோபமே இல்லை. ஏறக்குறைய சிரித்த முகம்.

"ஆஃப்சைட்தான் மாமா. ரெண்டு அடி முன்னாலதான் நின்னேன். ஆனா நீங்க பாக்கல."

இராமையாவின் கையிலிருந்த அரிவாள் தரையில் விழுந்தது. சின்னம்மாவும் விழுந்தாள்.

நான் படித்தவன், ஆராய்ந்து பார்க்கிறவன். அவள் ஒரு ஆட்டமும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றாலும், ஆஃப்சைட் என்ற சொல்லைக் கிளப்பில் நூறு தடவை கேட்டிருப்பாள். சரி. அவரை எப்போதும் தம்பி என்று கூப்பிடுகிறவள் மாமா என்றது மகனையே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்திருக்கும். அதுவும் சரி. ஆனால் அவர் பார்க்கவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எதிரே நின்றார். மற்றவன் நான். இதற்கு மேல் என் படிப்பு ஓடவில்லை, இன்றுவரை ஓடவில்லை.

பெண்கள் அவளைத் தூக்கி மரத்தடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தாள். பழைய சின்னம்மாவின் கண். நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்து, சாமி என்ன சொல்லிச்சு என்று கேட்டாள். அறுபது எழுபது பேர் நின்றோம். தேவதாஸ்கூட வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முகத்துக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இராமையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நெற்றியிலிருந்த திருநீற்றைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அவள் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"சாமி எம்மேல வரவே இல்லக்கா. நாந்தான் சொன்னேன். அன்னிக்கு நான் பாக்கவே இல்ல. வெயிலு கண்ணுல அடிச்சிச்சு. எம்பேருக்குப் பயந்துகிட்டு, பாக்காமலே ஊதிட்டேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

"இதையே அவன் உன் எதுக்க வந்து நின்னப்ப சொல்லியிருந்தீன்னா, சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்திருப்பானே தம்பி."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் அழுதாள். ஓங்கிக் குரலெடுத்து அழுதாள். இராமையா அந்த இடத்தைவிட்டு அசையாமல், அவள் அழுகை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லச் சொன்னவன் நான். நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.